லீவுல ஹாஸ்டல்ல தனியாவா? வில்லியனூர் பஸ் ஏறுங்க!

பொங்கல் லீவு விட்டாச்சு. ரூம்மேட் பையைத் தூக்கிட்டுப் போயாச்சு. மெஸ்ஸும் மூடியாச்சு. திருநெல்வேலி டிக்கெட் கடைசிவரை வெயிட்டிங் லிஸ்ட்லயே நின்னதால, புதுச்சேரிக்கு வெளியே வயலுக்கு நடுவுல இருக்கிற ஹாஸ்டல்ல நீங்க மட்டும். மொபைலைத் திறந்தா எல்லார் வீட்டுப் பொங்கப்பானையும் ஸ்டேட்டஸ்ல பொங்குது. பார்க்கப் பார்க்க வயித்தெரிச்சல்தான் மிச்சம்!

போனை பாக்கெட்ல போடுங்க. பக்கத்து ரூம்ல ஒரு அஸ்ஸாம் பையன் இருப்பான். அவனுக்கும் இதே நேரத்துலதான் மாக் பிஹு பண்டிகை. அவனையும் கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க.

முதல் ஸ்டாப் வில்லியனூர். திருக்காமீசுவரர் கோயில் தேரை இழுக்க கவர்னரே வருவாங்க. அது பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கம். ஆனா நாம பேச வந்தது வேற. 1998-ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த ஊரை மையமா வெச்சு, சுத்துப்பட்டு கிராமங்கள்ல கம்ப்யூட்டர் வெச்ச தகவல் மையங்களைத் தொடங்குச்சு. டெலிபோன் லைனை நம்ப முடியாதுன்னு வயர்லெஸ்லயே தகவல் அனுப்பினாங்க. கரன்ட் போனா சோலார். எம்பலத்துல கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது கோயில் கட்டடத்துல! வீராம்பட்டினத்துல, நெட்ல எடுத்த அலை உயரத்தை ஸ்பீக்கர்ல சொல்வாங்க.

இன்ஜினீயரிங் படிக்கிற எனக்கு இதுல பிடிச்சது வயர்லெஸ் இல்லை, அந்த ஸ்பீக்கர்தான். ஸ்கிரீன்ல வந்ததை ஒரு மனுஷக் குரல் ஊருக்கே சொல்லுது பாருங்க!

கடலோரத்துல நல்லவாடுன்னு ஒரு மீனவ கிராமம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அந்த ஊர் மீனவர் ஒருத்தரோட மகன் அப்போ சிங்கப்பூர்ல வேலையில இருந்தார். டி.வி-யில சுனாமி செய்தியைப் பார்த்துட்டு வீட்டுக்கு போன் போட்டார். கடல் தண்ணி உள்ளே வருதுன்னு சகோதரி சொல்ல, உடனே எல்லாரையும் கிளப்பச் சொன்னார். பூட்டியிருந்த தகவல் மையத்தோட கதவை உடைச்சு, ஸ்பீக்கர்ல எச்சரிச்சாங்க. சுமார் 3,600 பேர் தப்பிச்சாங்க. வீடும் படகும் போச்சு, ஆனா ஓர் உயிர்கூடப் போகலை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒருத்தர் போட்ட ஒரே ஒரு போன்!

கடலூர் ரோட்டுல இன்னும் தெற்கே போய் மேற்கே திரும்பினா பாகூர். இங்கே நடந்த கல்விச்சாலைக்கு, 9-ம் நூற்றாண்டுல பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்துல மூணு கிராமங்களை எழுதி வெச்சிருக்காங்க. பாகூர் செப்பேடு அதைச் சொல்லுது. அந்தக் கால மாணவர்களுக்குப் பொங்கல் லீவு உண்டான்னுதான் சொல்லலை!

ஏரிக்கரைக்குப் போங்க. புதுச்சேரியோட பெரிய ஏரிகள்ல ஒண்ணு, ஜனவரியில பறவைக் கூட்டம். இப்போ போனை எடுங்க. ஸ்டேட்டஸ் போட இல்லை. அஸ்ஸாம் பையனை அவன் அம்மாவுக்கு வீடியோ கால் பண்ணச் சொல்லுங்க. கொக்கு எல்லா பாஷையிலயும் கொக்குதான். கரையில மாடு குளிப்பாட்டிக்கிட்டு ஒரு தாத்தா நின்னா, போனை அவர்கிட்டயும் நீட்டுங்க. ''புள்ளையை நாங்க பாத்துக்கிறோம் தாயி''ன்னு தமிழ்லயே பேச ஆரம்பிச்சுடுவார்.