ஜன்னல் ஓரத்து இடம்

சென்னை,
ஞாயிறு இரவு

அன்புள்ள அத்தைக்கு,

போனில் சொல்ல வாய் வராது என்றுதான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு பிரெஞ்சுப் படம் பார்த்தேன். ஆண்களெல்லாம் முதல் உலகப் போருக்குப் போய்விட, பெண்களே உழுது, விதைத்து, அறுத்துப் பண்ணையைக் காப்பாற்றுகிறார்கள். 1924இல் வந்த நாவலை வைத்து எடுத்த படமாம். எழுதியவர் எர்னெஸ்த் பெரோஷான். அன்றிலிருந்து அவர் நினைப்பாகவே இருக்கிறது.

மேற்குப் பிரான்ஸில் கூர்லே என்ற கிராமத்தில் 1885இல் பிறந்தவர். குடியானவர் வீட்டுப் பிள்ளை. உங்களைப் போல ஆரம்பப் பள்ளி ஆசிரியர். முதலில் கவிதைதான் எழுதினார். பிறகு, கூலிக்காரர்கள் அடைந்து கிடந்த இருட்டுக் குடிசைகளைப் பற்றி ஒரு நாவல். சோஷலிஸ்ட் தலைவர் ழான் ழோரேஸ் நடத்திய 'லுமானித்தே' நாளிதழில் அது 1912இல் தொடராக வந்தது. 1940இல் ஜெர்மானியர் நாட்டைப் பிடித்தபின் அவர்களோடு இணங்கிப்போன விஷி அரசுக்கு ஒத்துழைக்க மாட்டேன் என்று நின்றார். நெருக்கடி கொடுத்தார்கள். 1942 பிப்ரவரியில் நியோர் நகரில் மாரடைப்பில் போய்விட்டார். 57 வயது நிரம்பவில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது 'நேன்' நாவலுக்காக. 1920இல் பிரான்ஸின் பெரிய இலக்கிய விருதான கொன்கூர் பரிசு பெற்றது. ஆங்கிலத்தில் தேடிப் படித்தேன். மனைவியை இழந்த குடியானவன் வீட்டுக்கு மதலேன் வேலைக்கு வருகிறாள். தாயில்லாத இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறாள். 'நேன்' என்பது அவர்கள் அவளைக் கூப்பிடும் பெயர். அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். பிள்ளைகளும் புதியவள் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். மதலேன் குளத்தில் விழுந்து உயிரை விடுகிறாள். குழந்தைகள் மறந்துபோகிறார்கள், அவ்வளவுதான். அதுதான் தாங்கவில்லை.

புத்தகத்தை மூடியதும் பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வந்தது. அப்பா மறுமணம் செய்துகொண்டு எங்களை அழைத்துப்போன நாள். அம்மா போனபிறகு ஆறு வருஷம் வளர்த்த நீங்கள், முறுக்குப் பொட்டலத்தோடு கீழே நின்றீர்கள். நானும் தம்பியும் ஜன்னல் ஓரத்து இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். பஸ் கிளம்பும்போது நான் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்கள் அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. எனக்கு மட்டும் தெரியும்.

அன்றைக்கு எத்தனை மணிக்கு வீடு திரும்பினீர்கள், அத்தை? ராத்திரி சாப்பிட்டீர்களா?

வருகிற சனிக்கிழமை காலை வண்டிக்கு வருகிறேன். நாலு நாள் இருப்பேன்.

உங்கள் மகள்,
செல்வி