ரெண்டு டிஸ்க்கைக் கட்டி ஓட்டினா பறக்குமா?

"ரெண்டு ஹார்டு டிஸ்க் வாங்கி ஒண்ணாச் சேர்த்து ஓட்டினா கம்ப்யூட்டர் பறக்குமாமே?" சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவனுக்கு ஹார்டுவேரும் தெரிஞ்சிருக்கும்னு நம்புற சொந்தக்காரங்க எனக்கு நிறைய :-) அதனால ஒரேயடியா இங்கே எழுதி வச்சிடறேன்.

இதுக்குப் பேர் ரெய்டு ஜீரோ. (வருமான வரி ரெய்டு இல்லீங்க.) 1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ் மூணு பேரும் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினாங்க. விலை கூடின ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலா மலிவான டிஸ்க்குகள் பலதைச் சேர்த்து ஓட்டலாம், கூடவே உபரித் தகவல் வச்சுக்கிட்டா ஒண்ணு செத்தாலும் மீட்டுக்கலாம். இதுதான் சாரம். அதுல இருந்தது 1 முதல் 5 வரைதான். ஜீரோ பின்னாடி வந்து ஒட்டிக்கிட்ட பேர். உபரி பூஜ்யம், அதான் ஜீரோ!

வேலை செய்யற விதம் சிம்பிள். ஒரு புத்தகத்தோட ஒற்றைப்படைப் பக்கமெல்லாம் அண்ணன்கிட்ட, இரட்டைப்படைப் பக்கமெல்லாம் தம்பிகிட்ட. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நீட்டினா புத்தகம் சீக்கிரம் கைக்கு வரும். தம்பி தொலைச்சுட்டா? அண்ணன்கிட்ட இருக்கிறதை வச்சு கதை படிக்க முடியாது. ஒரு டிஸ்க் போனா ரெண்டுமே போன மாதிரிதான். ஒரு டிஸ்க் வருஷத்துல சாக 3 சதவீத வாய்ப்புன்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்கிட்டா, ஜோடிக்கு அது கிட்டத்தட்ட 6.

வேகமாவது முழுசா வருதா? பெரிய ஃபைல்னா கிட்டத்தட்ட ரெட்டிப்பு, நிஜம்தான். ஆனா நிமிஷத்துக்கு 7200 சுற்று சுத்தற டிஸ்க்குல ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட். வேணுங்கிற இடம் முள்ளுக்கு அடியில வர சராசரியா அதுல பாதி காத்திருக்கணும். பத்து டிஸ்க் கட்டினாலும் இந்தக் காத்திருப்பு குறையாது. விண்டோஸ் கிளம்பறதும் பிரவுசர் திறக்கறதும் ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல் சமாச்சாரம். அங்கே பெருசா ஒண்ணும் தெரியாது.

என் மாமா பையன் திண்டுக்கல்ல கல்யாண வீடியோ எடிட் பண்றான். போன வருஷம் ரெண்டு புது டிஸ்க்கோட வந்து, "கட்டிக் குடுங்க மச்சான்"னு நின்னான். வீடியோன்னா பெரிய ஃபைல். ரெய்டு ஜீரோ உண்மையிலேயே உதவுற இடம். "அதுல என்னடா வைக்கப் போறே?"ன்னு கேட்டேன். இன்னும் முடிச்சுக் குடுக்காத பதினோரு கல்யாணமாம். மெமரி கார்டையெல்லாம் அழிச்சு அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக்கிட்டானாம். அதுல ஒரு பொண்ணோட தாத்தா, கல்யாணம் முடிஞ்ச பத்தாம் நாள் தவறிட்டார். அட்சதை போட்டுட்டு அவர் சிரிக்கிறது அந்த ஒரு ஃபைல்ல மட்டும்தான் இருக்கு.

கட்டிக் குடுக்க மாட்டேன்னுட்டேன். ஒரு எஸ்எஸ்டி வாங்க வச்சேன். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே செகண்டுக்கு 500 மெகாபைட்டுக்கு மேல படிக்கும். சுத்தற தட்டும் கிடையாது, காத்திருப்பும் கிடையாது. எடிட்டிங் அதுல. ஒரு ஹார்டு டிஸ்க்குல ஒரிஜினல், இன்னொண்ணுல காப்பி. காப்பி எடுத்ததும் கழட்டி அத்தை வீட்டு பீரோவுக்குப் போயிடும். "ரெண்டுலயும் தானா எழுதற ரெய்டு ஒன் இருக்கே?"ன்னு கேட்டான். இருக்கு. ஆனா கை தவறி அழிச்சா அது ரெண்டுலயும் சேர்த்தே அழிக்கும். ரெய்டு எதுவும் பேக்கப் ஆகாது.

ரெய்டு ஜீரோவே வேண்டாம்னு சொல்லல. ஒரிஜினல் வேற இடத்துல பத்திரமா இருந்தா தாராளமா கட்டுங்க. கட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி: இதுல இருக்கிறது நாளைக்குக் காலையில காணாமப் போனா, திரும்ப எடுக்க முடியுமா? கேம்னா மறுபடி டவுன்லோடு பண்ணிக்கலாம். தாத்தாவை எங்கே போய் டவுன்லோடு பண்றது?