காவடி தூக்காத வருஷம்



இந்தத் தைப்பூசத்தில் “என்னண்ணே, காவடி எங்கே?” என்று பலர் கேட்டீர்கள். சிரித்து மழுப்பிவிட்டேன். உண்மையை இங்கே எழுதுகிறேன். நம் தொண்டர்களில் இன்னும் சிலர் என்னைப் போலவே வலியை மறைத்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

கார்த்திகை தீபத்தன்று அன்னதானக் கூடத்தில் சாம்பார் அண்டாவைத் தனியாளாகத் தூக்கினேன். இடுப்பில் ‘சுருக்’ என்றது. மறுநாள் வலி தொடை, கெண்டைக்கால் வழியாக இறங்கி இடது கால் கட்டைவிரல் வரை கரண்ட் அடித்த மாதிரி இழுத்தது. தும்மினால் உயிரே போகும். “வாயுப் பிடிப்பு” என்றார் ஒருவர். “சுளுக்குதான், ஏறி மிதிச்சா சரியாயிடும்” என்றார் இன்னொருவர். தைலம் தேய்த்து, மாத்திரை போட்டு, முருகன் பார்த்துக்கொள்வான் என்று மூன்று வாரம் ஓட்டினேன்.

பிறகு ஒரு கைரோபிராக்டரிடம் போனேன். முதுகில் ரெண்டு ‘டக்’ எடுத்துவிட்டால் காவடி தூக்கிடலாம் என்ற கணக்குதான். அந்த அம்மா என்னைக் குதிகாலால் நடக்கச் சொன்னார். இடது பாதம் தொங்கியது. அவர் விரலை எதிர்த்துக் கட்டைவிரலைத் தூக்கச் சொன்னார், முடியவில்லை. “ஐயா, நரம்புல பலம் குறைஞ்சிருக்கு. இன்னிக்கு உங்க முதுகை நான் தொட மாட்டேன். முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று கடிதம் எழுதிக் கொடுத்தார்.

எம்ஆர்ஐ எடுத்த பிறகு டாக்டர் விளக்கினார். முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி டிஸ்க் இருக்கிறது. இடுப்பில் உள்ள 5 முள்ளெலும்புகளில் 4-க்கும் 5-க்கும் நடுவில் அது பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துகிறது. வலி காலில் தெரிந்தாலும் கோளாறு இடுப்பில்தான். பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே சில வாரங்களில் தணிந்துவிடுமாம். ஆனால் பலக்குறைவு கூடினால் ஆபரேஷன்தான். “காவடியை மறந்துடுங்க” என்றார்.

நேர்த்திக்கடன் என்னாவது என்று அன்றிரவு அழுதேன். “உன் கால் விழுந்துட்டா முருகனுக்கு என்னடா சந்தோஷம்?” என்றார் அம்மா.

தைப்பூசத்தன்று காய்கறி வெட்டும் இடத்தில் உட்கார்ந்தேன். முட்டி வலியோடு வருஷக்கணக்காக அங்கே வெங்காயம் உரிக்கும் அக்காக்கள் பக்கத்தில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அவர்களை யாரும் போட்டோ எடுப்பதும் இல்லை. எனக்கு அதிகம் வலித்தது நரம்பா, கௌரவமா என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

இப்போது பிசியோ செய்கிறேன். கட்டைவிரல் மெல்ல மேலே எழும்புகிறது.

தொண்டர்களுக்குச் சில வார்த்தைகள். அண்டாவை இரண்டு பேராகத் தூக்குங்கள், முட்டியை மடக்கி, உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். கைரோபிராக்டிக் நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் துறை. பதிவு பெற்றவரா என்று கேளுங்கள், பரிசோதிக்காமல் முதுகில் கை வைப்பவரிடம் போகாதீர்கள். கால் பலமிழந்தால் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அடுத்த வருஷம் காவடியா, வெங்காயமா? அவன் விட்ட வழி.

வேலும் மயிலும் துணை.