புறாக் கல்

சென்ற ஆண்டு மகளுடன் மூன்று மாதம் தங்கியிருக்கும் வாய்ப்புக் கிட்டியது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகரான மாடிசனில் மருமகனுக்கு உத்தியோகம். செப்டம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில், "அத்தா, ஆறு பார்த்து வளர்ந்தவங்க நீங்க. இன்னைக்கு ஒரு பெரிய ஆற்றைக் காட்டுறேன்" என்று மகள் அழைத்துச் சென்றாள். மேற்கு நோக்கி இரண்டு மணி நேரத்துக்கும் மேலான கார்ப் பயணம். பிரேரி டு ஷீன் என்னும் சிற்றூருக்குத் தெற்கே வயலூசிங் மாநிலப் பூங்காவை அடைந்தோம்.

பூங்கா என்றதும் பூச்செடியும் புல்தரையும் மனத்தில் தோன்றும். இது அத்தகையதன்று. ஆற்றுக்கு மேல் ஐந்நூறு அடி உயர்ந்து நிற்கும் பாறைக் குன்றும், அதன் மேல் அடர்ந்த காடுமே இங்குப் பூங்கா. 1917இல் அரசு இதனைப் பொதுமக்களுக்கென ஒதுக்கிற்று. பனியுகத்தில் இந்நாட்டின் வடபகுதியைப் பெரும் பனிப்பாளங்கள் மூடித் தேய்த்துச் சமமாக்கியபோது, இச்சிறு நிலப்பரப்பு மட்டும் தப்பியதாம். அதனால்தான் இக்குன்றுகள் இன்றும் செங்குத்தாக நிற்கின்றன.

விளிம்பிலிருந்து கீழே நோக்கினேன். கிழக்கிலிருந்து விஸ்கான்சின் ஆறு மணல் திட்டுகளைச் சுற்றிச் சுற்றி வந்து, வடக்கிலிருந்து இறங்கும் மிசிசிப்பியில் கலக்கிறது. காவிரிக் கரையில் பிறந்த எனக்கு ஆறு புதிதன்று. ஆனால் பறவையின் முதுகை மேலிருந்து பார்ப்பது புதிது. கழுகினத்துப் பறவைகள் சில எங்கள் காலுக்குக் கீழே சிறகடிக்காமல் மிதந்து கொண்டிருந்தன. 1673 ஜூன் 17 அன்று மார்க்கெட் என்ற பாதிரியாரும் ஜோலியே என்பவரும் ஓடங்களில் வந்து மிசிசிப்பியைக் கண்டது இந்த முகத்துவாரத்தில்தான் என்று மருமகன் கூறினார். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கு வாழ்ந்த பழங்குடியினர் மண்ணைச் சுமந்து கொட்டி, கரடி வடிவிலும் பறவை வடிவிலும் அமைத்த மேடுகள் குன்றின் மேல் இருக்கின்றன. கண்டவர்களுக்குப் புகழும், இருந்தவர்களுக்கு மண்மேடும்!

அங்கிருந்து சிறிது தூரம் நடந்த இடத்தில், கல்லால் கட்டிய நினைவுச் சின்னம் ஒன்று தென்பட்டது. அதில் பதித்த தகட்டில் ஒரு பறவையின் உருவம். போர்வீரனுக்குக் கல் நட்டிருப்பார்கள், தலைவருக்கு நட்டிருப்பார்கள்; பறவைக்கு நட்டதை நான் கண்டதில்லை. பேரன் வாசித்துப் பொருள் சொன்னான். அது பாசஞ்சர் பிஜியன் என்னும் புறாவாம். 'பாசஞ்சர்' என்றதும் எனக்கு ரயில்தான் நினைவுக்கு வந்தது, தொழில் புத்தி. அந்த நினைவு பிழையன்று என்பது பிறகு தெரிந்தது.

ஒரு காலத்தில் இவ்வினத்தில் முந்நூறு முதல் ஐந்நூறு கோடிப் பறவைகள் இருந்திருக்கலாம் என்பது அறிஞர் மதிப்பீடு. கூட்டம் பறந்தால் வானம் இருளும். கடந்து முடிய மணிக்கணக்காகும். 1871இல் இதே மாநிலத்தில் 850 சதுர மைல் பரப்பில் கூடு கட்டியவை மட்டும் பதின்மூன்று கோடிக்கு மேல் என்று ஷோர்கர் என்ற ஆய்வாளர் பின்னாளில் கணக்கிட்டார். கூட்டுக்கு ஒரே முட்டை. புறாக்கள் எங்குக் கூடு கட்டியுள்ளன என்று தந்தி பறக்கும். வேட்டைக்காரர்கள் ரயிலேறி வருவார்கள். வலையாலும் துப்பாக்கியாலும் பிடித்து, குஞ்சுகளைக் கழியால் தட்டி வீழ்த்தி, பீப்பாய்களில் பனிக்கட்டியோடு அடைத்துப் பெருநகரங்களுக்கு ரயிலில் அனுப்புவார்கள். 1899 செப்டம்பரில் பாப்காக் என்னும் ஊரில் சுடப்பட்டதே விஸ்கான்சினின் கடைசிப் புறா. உலகின் கடைசிப் புறா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சிச் சாலையில் இறந்தது. மனிதரின் பேராசையாலும் சிந்தனையின்மையாலும் இவ்வினம் அழிந்ததென்று, 1947இல் பறவை ஆர்வலர் சங்கத்தார் நிறுவிய இக்கல் ஒளிவு மறைவின்றிக் கூறுகிறது. மாடிசன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆல்டோ லியோபோல்ட் இக்கல்லைக் குறித்துக் கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டே அவரும் மறைந்தார்.

"இவ்வளவு பறவை குறைவது ஒருவருக்குமா தெரியாமற் போயிற்று, நன்னா?" என்று பேரன் கேட்டான்.

நான் உடனே விடை கூறவில்லை. அந்நேரம் கீழே, ஆற்றோரத்தில், சரக்கு ரயில் ஒன்று ஊதிற்று. குன்றின் அடிவாரத்தில் இருப்புப் பாதை ஓடுவதை அப்போதுதான் கவனித்தேன்.

1969இல், இருபத்தொரு வயதில், தஞ்சை மாவட்டத்துச் சிறு நிலையமொன்றில் பார்சல் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அறுவடை முடிந்ததும் காடை, கவுதாரி பிடிப்போர் மூங்கில் கூடைகளைக் கொண்டு வருவார்கள். எடை போடுவேன், தூரம் பார்த்துக் கட்டணம் எழுதுவேன், சீட்டு ஒட்டுவேன். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்ட பிறகும் கூடைகள் வந்தன. ஆனால் சீட்டில் 'கோழிக்குஞ்சு' என்றிருக்கும். கோழிக்குஞ்சின் குரலும் காடையின் குரலும் வெவ்வேறு என்பதை அறியாதவனா நான்? அறிந்தும் சீட்டு ஒட்டினேன். முதல் ஆண்டுகளில் ஒரு பருவத்துக்கு நாற்பது கூடை வரும். பிறகு இருபது. பத்து ஆண்டுக்கு மேல் ஆனபின் நான்கு. வரவு குறைந்ததென்று பேரேட்டில் என் கையாலேயே எழுதினேன். ஏன் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை. அதற்குரிய கட்டம் பேரேட்டில் இல்லை. அந்நாளைய விஸ்கான்சினிலும் ஏதோ ஒரு நிலையத்தில் ஒரு குமாஸ்தா பீப்பாய்களை எடை போட்டிருப்பான். அவன் கெட்டவனாக இருந்திருக்க மாட்டான். சம்பளத்துக்கு வேலை பார்த்த பிள்ளைகுட்டிக்காரனாக இருந்திருப்பான்.

"தெரிந்திருக்கும், தம்பி. எழுதிக்கூட வைத்திருப்பார்கள்" என்றேன்.

மகள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "வியாழக்கிழமை வியாழக்கிழமை இலையிலே கட்டி ரெண்டு காடை கொண்டு வருவீங்களே, அத்தா. அம்மா மிளகு போட்டு வறுப்பாங்க" என்றாள். அக்காடைகளை நான் விலை கொடுத்து வாங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. இன்று வரை கூறியதில்லை. அந்தக் கல்லின் அருகில் வைத்துக் கூறினேன்.

அவள் மறுமொழி கூறவில்லை. கீழே இருந்த பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரயில் இன்னும் போய்க்கொண்டிருந்தது. அந்நாட்டுச் சரக்கு ரயிலுக்கு நீளம் அதிகம். பேரன் மரங்களின் இடைவெளியில் பெட்டிகளை எண்ணத் தொடங்கினான். எழுபது வரை சரியாக எண்ணினான். பிறகு மரங்கள் மறைத்துக்கொண்டன.