முறிவது கொம்பு

கேளிக்கைப் பூங்காக்களை நடத்தும் ஸ்தாபனத்தார், குடும்பமாக வருவோர் கூடி விளையாடும்பொருட்டுத் தனிக் கட்டணம் வாங்காது வகுத்துவைக்கும் விநோதங்களைப் பற்றி, கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தமக்கையாரின் பேரப்பிள்ளைகள் எனக்குச் சவிஸ்தாரமாக எடுத்துரைத்தார்கள். அமெரிக்க தேசத்துப் புளோரிடாவிலே, டிஸ்னி நிறுவனத்தாரின் மாஜிக் கிங்டம் என்னும் பூங்காவில், 2012ஆம் ஆண்டு தொடங்கி 2021ஆம் ஆண்டின் முற்பகுதி வரையில் ஒரு மந்திரவாதி விளையாட்டு நடைபெற்றதாம். வாசலுக்கு அண்மையிலுள்ள தீயணைப்பு நிலையம் போன்ற கட்டடத்திற் சென்று கேட்டால், நாளொன்றுக்கு ஐந்து மந்திரச் சீட்டுக்கள் கொண்ட ஓர் உறையை இலவசமாகத் தருவார்களாம். அச் சீட்டை எடுத்துக்கொண்டு, பூங்காவின் பல மூலைகளிலும் மறைந்திருக்கும் திரைகளைத் தேடிச் சென்று, அங்கே தோன்றும் துஷ்ட பாத்திரங்களுக்கு எதிரே அதைப் பிடித்துக் காட்டினால் அவர்கள் நாசமடைவார்களாம். 2018 முதலாகவோ, இராட்டினங்களுக்கு வரிசையிற் காத்து நிற்போர் பொறுமை இழந்துவிடாதிருக்கக் கைத்தொலைபேசியிலேயே விளையாட்டுக்கள் வந்துவிட்டன. வாசலிற் பெருந்தொகை கொடுத்து நுழைந்தவனுக்கு உள்ளே இலவசம் என்பது எத்தன்மைத்து என்று நான் பரிகாசமாகக் கேட்டேனாயினும், பாட்டனும் பேரனும் ஒருங்கே ஓடித் திரியும்படியான ஓர் ஆட்டத்தைக் கற்பித்தவர்களுடைய சாமர்த்தியத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

எங்கள் மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவர். இவ்விரு கரைகளிலும் சீட்டும் வாசலுமின்றிக் குடும்பங்கள் அநுபவித்துவந்த விநோதங்கள் பல. அவற்றுள் உலகப் பிரசித்தி பெற்றது பாடும் மீன். நிலாக்காலத்திலே கல்லடிப் பாலத்தின் பக்கமாகத் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீருள் அமிழ்த்தி, மறு நுனியைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டால், தந்தியை மெல்ல மீட்டினாற் போன்றதொரு நாதம் கேட்கும். இலங்கையின் குடியேற்றக் காரியதரிசியாயிருந்த எமர்சன் தெனன்ற் 1848ஆம் ஆண்டில் இவ்வாவியில் அதைக் கேட்டு வியந்து, தம் நூலில் எழுதிவைத்தார். இதற்குப் பணம் வேண்டுவதில்லை. பேசாதிருக்க வேண்டும் என்பதொன்றே நிபந்தனை. ஆனால் சிறு பிள்ளைகளை உடைய குடும்பத்துக்கு அதனினும் மிக்க கட்டணத்தை எந்தப் பூங்காவும் விதித்ததில்லை.

ஆகவே, கூச்சலிட்டு மகிழ வேண்டிய குடும்பத்தார்க்கு உரியது கொம்புமுறி விளையாட்டே என்பது என் அபிப்பிராயம். கண்ணகியம்மன் வழிபாட்டோடு பிணைந்த இவ்விளையாட்டுக்காக ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிந்து நிற்கும். வடசேரியார் கோவலன் பக்கத்தார், தென்சேரியார் கண்ணகி பக்கத்தார். பூப்பறிக்கப் போனவிடத்தில் அவ்விருவருடைய கொக்கைத் தடிகளும் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ள, பிரிக்க முயன்று இழுத்ததே இவ்விளையாட்டின் உற்பத்தி என்றொரு கதையுண்டு. சிங்கள மக்களிடையே அங்கெலிய என வழங்கும் விளையாட்டுக்கும் பத்தினித் தெய்வத்தைப் பற்றிய இக்கதையே மூலமாகச் சொல்லப்படுகிறது. பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் அதனை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நம்மவருள் பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்கள் 1964இல் வெளிவந்த ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலிலே கொம்பு விளையாட்டைப் பேணி எழுதிவைத்தமையால், பல ஊர்களில் அது நின்றுபோன பின்னரும் அதன் கிரமம் முற்றாக மறைந்துபோகவில்லை.

வைரம் பாய்ந்த மரத்தின் வளைந்த கவடுகளைத் தேடிக் காட்டுக்குப் போவதிலிருந்தே விளையாட்டு ஆரம்பித்துவிடும். எந்தக் கவடு இழுவைக்கு நிற்கும், எது நிற்காது என்பதை அறிந்த முதியவர் ஒருவர் ஒவ்வொரு கட்சிக்கும் இருப்பார். மற்றைய நாட்களில் யாராலும் ஒரு பொருட்டாக மதிக்கப்படாத அவர், அக்காலத்திலே மந்திரிக்குச் சமானமாகி விடுவார். இரு கட்சியாரும் கொண்டுவந்த கொம்புகளை ஒன்றில் ஒன்று கோத்து, அசையாதபடி வரிந்து கட்டி, வடத்திற் பிணைத்து, ஊரார் யாவரும் கைகொடுத்து இழுப்பர். எவருடைய கொம்பு முறிந்ததோ அவர் தோற்றவர். வென்ற கட்சியார் ஆடிப்பாடி ஊர்வலம் வருவர். தோற்றவர்களை நோக்கி வசை பாடுவர்.

இதனோடு சேர்ந்தது போர்த்தேங்காய் அடித்தல். ஒரு பக்கத்தான் எறிந்த தேங்காயை மறு பக்கத்தான் தன் கையிலுள்ள தேங்காயினால் எதிர்கொண்டு தாக்க, உடைந்தது எவனுடையதோ அவன் தோற்றான். சிரட்டை தடித்த காய்களைத் தரும் மரம் இன்னாருடைய வளவில் இருக்கிறது என்பது ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரிந்த இரகசியம். தட்டிப் பார்த்தும், உலுக்கிப் பார்த்தும், நீர் வற்றிய காயா என்று காதில் வைத்துக் கேட்டும் அவர்கள் செய்யும் பரீட்சை, வைத்தியர் நாடி பார்ப்பதைப் போன்ற கம்பீரத்தோடு நடைபெறும்.

இவ்விரண்டையும் நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு விஷயம் ஆச்சரியமாகத் தோன்றுகிறது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி இக்காலத்து விளையாட்டுக் கழகத்தார் ஒலிபெருக்கி கட்டி நடத்தும் விழாவிலே, வழுக்குமரம் ஏறுதல், முட்டி உடைத்தல், தலையணைச் சமர், யானைக்குக் கண் வைத்தல், கிடுகு பின்னுதல் என்று எல்லாம் உண்டு, கயிறிழுத்தலும் உண்டு. கயிறிழுத்தலில் தோற்றவன் தன் காலும் தோளும் தளர்ந்தமையாலே தோற்றான். அதனாலேயே அங்கே வலிய இளைஞரை மாத்திரம் பொறுக்கி நிறுத்துகிறார்கள், ஏனையோர் பந்தலின் கீழிருந்து கைதட்டுகிறார்கள். கொம்பிலோ, முறிவது மரம். நூறு பேர் இழுக்கின்ற வடத்தின் நுனியை ஒரு சிறுவன் பற்றித் தொங்கினாலும், மூச்சு வாங்கும் கிழவர் ஒருவர் பேருக்குத் தொட்டு நின்றாலும், அவர்களால் கட்சிக்குக் கேடு இல்லை. தோல்வி வந்தபோது அவர்களுடைய இயலாமையைச் சுட்டிப் பேச எவனுக்கும் இடமில்லை. பேசுவதானால் கவட்டை வெட்டி வந்தவரைப் பேசலாம். அவரும் காட்டைப் பழித்துத் தப்பிக்கொள்வார்.

புளோரிடா விளையாட்டை வகுத்தவர்களும் இதே கஷ்டத்தை எதிர்நோக்கியிருத்தல் வேண்டும். வயதும் வலிவும் ஒவ்வாத குடும்பத்தாரை ஒரே ஆட்டத்திற் சேர்ப்பதெப்படி? அவர்கள் கண்ட உபாயம், ஆரம்ப நிலையிலே எந்தச் சீட்டைக் காட்டினாலும் பெரும்பாலும் வெற்றியே கிடைக்கும்படி செய்துவிடுவது. பிள்ளை அழாது, பெற்றார்க்கும் நிம்மதி. எங்கள் முன்னோர் அத்தனை இரக்கமுடையவர்கள் அல்லர். ஊரிற் பாதியைத் தோற்கவிட்டார்கள். தோற்றவன் முகத்துக்கு நேரே பாடவும் விட்டார்கள். ஆயினும் அத்தோல்வி மனிதர் மேற் படாமல் ஒரு மரத்துண்டின் மேலும் ஒரு சிரட்டையின் மேலும் போய் விழும்படி பார்த்துக்கொண்டார்கள். இரண்டு உபாயங்களுள் எங்களுடையதே நுட்பமானது என்று நான் சொன்னால் அது ஊர்ப்பற்று என்று தள்ளிவிடலாம். ஆனால் எப்பொழுதும் வெல்கின்ற ஆட்டத்தைப் பிள்ளைகள் மூன்றாம் நாளில் வெறுத்துவிடுவார்கள் என்பதற்கு என் தமக்கையாரின் பேரன் தானாகவே சாட்சி சொன்னான்.

பழைய மனிதரிடம் கொம்பைப் பற்றி விசாரித்தால், எந்த ஆண்டில் எந்தக் கட்சி வென்றது என்பது அவர்களுக்குத் தெளிவாக ஞாபகம் இருப்பதில்லை; வசைப்பாட்டுக்கள் மாத்திரம் அட்சரம் பிசகாமல் நினைவில் நிற்கின்றன. படுவான்கரையிலே மருமக்களும் பேரர்களும் சூழ்ந்திருந்த முற்றத்தில் பெரியவர் ஒருவரை ஒன்றேனும் பாடிக் காட்டும்படி வேண்டினேன். அவர் வாய்க்குள்ளேயே முழுவதையும் பாடி முடித்து, குலுங்கக் குலுங்கச் சிரித்து, “பிள்ளையள் இரிக்கிற இடத்தில வாணாம் தம்பி” என்று சொல்லிவிட்டார்.