குமாரசுவாமி - பொன்னம்பலம் குடும்பம்: வம்சாவளியின் நடுவில் ஒரு பெண்

இலங்கைத் தமிழரின் பத்தொன்பதாம் நூற்றாண்டு அரசியல் வரலாற்றை எழுதப் புகும் எவரும் ஒரு குடும்பத்தைத் தவிர்த்துச் செல்ல இயலாது. கேட் முதலியார் குமாரசுவாமி, சேர் முத்து குமாரசுவாமி, பொ. குமாரசுவாமி, சேர் பொன்னம்பலம் இராமநாதன், சேர் பொன்னம்பலம் அருணாசலம், கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, சேர் அருணாசலம் மகாதேவா என நீளும் இப்பெயர்களைப் பாடசாலை நாட்களிலேயே நம்மவர் கேட்டிருப்பர். ஆயினும் இவர்களுள் யார் யாருக்கு என்ன முறை என்று கேட்டால் நன்கு படித்தவர்களும் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். பத்திரிகை ஆசிரியபீடத்தில் இருந்த காலத்தில், நினைவுதினக் கட்டுரைகளில் ஆனந்த குமாரசுவாமியை இராமநாதனின் தம்பி என்றும், பெறாமகன் என்றும் எழுதி வருவோருண்டு. அவற்றைத் திருத்துவது ஆண்டுதோறும் எனக்கு வந்து சேரும் வேலையாக இருந்தது.

அண்மையில் கனடாவில் வாழும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "குமாரசுவாமி என்பது அவர்களுடைய குடும்பப் பெயராயின், இராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் அது ஏன் இல்லை?" கேள்வி சிறியது. ஆனால் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் வேரைத் தேடிச் செல்வோர் எதிர்கொள்ளும் சிக்கல் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

முதலில் உறவு முறையைச் சொல்லிவிடுகிறேன். பருத்தித்துறைப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி 1783இல் பிறந்தவர். கொழும்பில் தேசாதிபதியின் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, கேட் முதலியார் பட்டம் பெற்றார். 1833இல் உருவாக்கப்பட்ட சட்டநிரூபண சபையின் முதல் தமிழ் உறுப்பினரும் அவரே. 1836இல் அவர் காலமானபோது மகன் முத்துவுக்கு இரண்டு வயது. அந்த முத்துவின் சகோதரியே செல்லாச்சி. அவரை மணந்தவர் மானிப்பாயைச் சேர்ந்த அருணாசலம் பொன்னம்பலம் முதலியார். கொழும்பு கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை எழுப்பியவர் இவர். அக்கோயிலைப் பின்னர் 1907 முதல் 1912 வரையான காலத்தில் கருங்கல்லில் மீளக் கட்டுவித்தவர் மகன் இராமநாதன்.

செல்லாச்சி - பொன்னம்பலம் தம்பதியரின் புதல்வர்கள் மூவர். மூத்தவர் குமாரசுவாமி, அடுத்தவர் 1851இல் பிறந்த இராமநாதன், இளையவர் 1853இல் பிறந்த அருணாசலம். செல்லாச்சியின் சகோதரர் முத்துவின் மகன் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. ஆகவே இராமநாதனும் அருணாசலமும் ஆனந்தருக்கு மாமி மக்கள், மச்சான்மார். முத்துவோ அவ்விருவருக்கும் தாய்மாமன். 'கசின்', 'அங்கிள்' என்ற ஆங்கிலச் சொற்களில் எழுதப்பட்ட நூல்களைப் படித்துத் தமிழாக்கியபோதே தம்பியும் பெறாமகனும் உள்ளே நுழைந்தனர். உடன்பிறந்தானின் மகன் பெறாமகன், உடன்பிறந்தாளின் மகன் மருமகன் என்று நம் மொழி வேறுபடுத்திக் காட்டும் இடத்தில் ஆங்கிலம் ஒரே சொல்லோடு நின்றுவிடுகிறது.

இனிப் பெயருக்கு வருவோம். யாழ்ப்பாணத் தமிழருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. தந்தையின் பெயர் முன்னே நிற்கும், தன் பெயர் பின்னே வரும். பொன்னம்பலத்தின் மகன் பொன்னம்பலம் இராமநாதன். அருணாசலத்தின் மகன் அருணாசலம் மகாதேவா. தலைமுறைக்குத் தலைமுறை முன்பெயர் மாறிக்கொண்டே போகும். ஆனால் இலண்டன் சென்று, 1863இல் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டரான முத்து, ஆங்கிலேயர் வழக்கப்படி தந்தையின் பெயரைப் பின்னே வைத்து முத்து குமாரசுவாமி ஆனார். அவர் மணந்தது கென்ற் பிரதேசத்தைச் சேர்ந்த எலிசபெத் கிளே பீபி என்ற ஆங்கிலப் பெண்ணை. அவர்களுடைய மகன் ஆனந்த கென்ரிஷ் குமாரசுவாமி. பழைய வழக்கப்படியாயின் அவர் முத்து ஆனந்தர் என அழைக்கப்பட்டிருக்க வேண்டும். பாட்டனாரின் சொந்தப் பெயர் மகனின் பின்னே சென்று நின்று, பேரப்பிள்ளையிடம் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. ஒரே தாய் தந்தையின் பிள்ளைகளான சகோதரன், சகோதரி இருவரின் வழியில், ஒரு கிளை குமாரசுவாமி என்ற பெயரை நிலையாக்கிக்கொண்டது, மறுகிளை தலைமுறைதோறும் பெயரை மாற்றிக்கொண்டது. கனடா வாசகரின் கேள்விக்கு விடை இதுதான்.

இன்னொரு வழக்கமும் தேடுவோரைத் திசைதிருப்பும். பிள்ளைகளுக்குப் பாட்டனார் பெயரை இடுவது நம்மவர் மரபு. பேரன் என்ற சொல்லால் யாழ்ப்பாணத்தில் பாட்டனாரையும் குறிப்பது யாவரும் அறிந்ததே. செல்லாச்சியின் மூத்த மகன் குமாரசுவாமிக்கு இடப்பட்டது தாய்வழிப் பாட்டனாரின் பெயர். இளைய மகன் அருணாசலத்துக்கு இடப்பட்டது தந்தைவழிப் பாட்டனாரின் பெயர். இதனால் ஒரு நூற்றாண்டுக்குள் மூன்று குமாரசுவாமிகள் சட்டநிரூபண சபைப் பதிவுகளில் தோன்றுகின்றனர். மறுபுறத்தில், பெயர் ஒன்றாயிருப்பதால் உறவு உண்டென்று கொள்ளவும் முடியாது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் பொன்னம்பலம் முதலியாரின் பேரப்பிள்ளையான சேர் அருணாசலம் மகாதேவாவை யாழ்ப்பாணத் தொகுதியில் தோற்கடித்தவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். அவர் வேறொரு குடும்பத்தவர்.

அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணம் வந்தபின் வேறொரு குழப்பமும் சேர்ந்தது. வட்டுக்கோட்டைச் செமினறியில் பயின்றோர் பலருக்கு அமெரிக்கப் பெயர்கள் சூட்டப்பட்டன. கறல் விசுவநாதபிள்ளையும் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையும் அவ்வாறு பெயர் பெற்றவர்களே. 

இவ்வளவு சிக்கலுக்கும் நடுவே என் மனத்தில் நிற்பவர் செல்லாச்சி. சட்டநிரூபண சபையின் தமிழ் ஆசனத்தை எண்ணிப் பாருங்கள். 1862 முதல் 1879 வரை முத்து குமாரசுவாமி. 1879 முதல் 1892 வரை இராமநாதன். 1893 முதல் 1898 வரை பொ. குமாரசுவாமி. முப்பத்தாறு ஆண்டுகள் ஏறத்தாழத் தொடர்ச்சியாக ஓர் ஆசனம் தாய்மாமனிடமிருந்து மருமக்களிடம் சென்றது. தந்தையிடமிருந்து மகனுக்கு என்று மட்டும் கோடு கிழித்தால் இந்த உண்மை படத்தில் வராது. கேட் முதலியாரின் ஆண்வழி இங்கிலாந்துக்கும், பின் அமெரிக்காவின் பொஸ்ரன் நகருக்கும் சென்றுவிட்டது. இலங்கையில் நிலைத்தது மகள்வழி. ஆண்கள் பெற்ற பட்டங்களும் பதவிகளும் ஆண்டு தவறாமல் எழுதப்பட்டிருக்க, இரு கிளைகளையும் இணைக்கும் அந்த அம்மையாரை ஒருவருக்கு மகள், ஒருவருக்குச் சகோதரி, மூவருக்குத் தாய் என்பதற்கு மேல் நாம் அறிந்துகொள்ள முயலவில்லை.

வியப்பு என்னவென்றால், நமது பழைய ஆவணங்கள் பெண்களை இப்படி மறக்கவில்லை. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையைப் பாருங்கள். தாயின் சீதனம் மகளுக்கு, தந்தையின் முதுசம் மகனுக்கு என்பதே அதன் பழைய ஒழுங்கு. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அதனைப் பெரிதும் மாற்றியது. ஆனால் அதற்கு முன்னரும் பின்னரும் சீதன உறுதி எழுதும் வழக்கம் இருந்து வந்தது. நொத்தாரிசு எழுதிய சீதன உறுதி ஒன்றை எடுத்தால், பெண்ணின் பெயர், மாப்பிள்ளையின் பெயர், பெண்ணின் தாய் தந்தையர், அந்தக் காணி அவர்களுக்கு யாரிடமிருந்து எவ்வாறு வந்தது, நாற்புற எல்லைக் காணிகளுக்கு உரியவர்கள் யார் என்பன எல்லாம் அதில் இருக்கும். வளவின் பெயரைப் பிடித்துக்கொண்டு உறுதிக்கு உறுதி பின்னோக்கிச் சென்றால் தாய், தாயின் தாய், அவரின் தாய் என்று போகலாம். ஆண்வழிப் பெயர்கள் குழப்பும் இடத்திலும் காணியின் பெயர் குழப்புவதில்லை.

பத்திரிகைகளில் வெளிவரும் மரண அறிவித்தலும் அத்தகையதே. பிறப்பிடம், வதிவிடம், பெற்றோர், துணைவர், மாமன் மாமியார், பிள்ளைகள், சகோதரர், மைத்துனர் என ஒருவரின் உறவு வட்டம் முழுவதும் தாய்வழி, தந்தைவழி பேதமின்றி அதில் இடம்பெறும். அந்தியேட்டியன்று வெளியிடப்படும் கல்வெட்டு எனும் நினைவு மலரில் வம்சாவளியே தனியாக அச்சாகும். ஆசிரியபீடத்தில் நாங்கள் எழுதிய தலையங்கங்களை விட விளம்பரப் பகுதியில் வந்த அந்த அறிவித்தல்கள் வரலாற்றுக்கு அதிகம் பயன்படும் என்று இப்போது எண்ணுகிறேன்.

இக்குடும்பத்தவரான அருணாசலம் இத்துறையில் ஆற்றிய பணியையும் சொல்ல வேண்டும். கேம்பிறிட்ஜில் பயின்று, 1875இல் இலங்கைச் சிவில் சேவையில் போட்டிப் பரீட்சை மூலம் நுழைந்த முதல் இலங்கையர் அவர். பின்னர் பதிவாளர் நாயகமாகப் பிறப்பு, இறப்பு, காணிப் பதிவுகளைச் சீர்செய்தார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பும் அவரது மேற்பார்வையில் நடந்தது. இன்று காணிப் பதிவகத்தில் பாட்டியின் உறுதியைத் தேடுபவர் அவர் செப்பனிட்ட வழியில்தான் நடக்கிறார்.

வம்சாவளி தேடுவது குலப்பெருமை பேசவே என்று ஒதுக்குவோர் உண்டு. அவர்களது கண்டனத்தில் நியாயமும் உண்டு. ஒல்லாந்தர் காலத் தலைத்தோம்பு ஆட்களைச் சாதிவாரியாக, அவர்கள் செய்யவேண்டிய ஊழியத்துடன் பதிவு செய்தது. காணி உறுதியே இல்லாத குடும்பங்களுக்கு நான் மேலே சொன்ன வழி எதுவும் திறக்காது. இராமநாதனைப் பற்றி எழுதும்போதும், மருதனார்மடத்தில் பெண்களுக்குக் கல்லூரி அமைத்த அதே பெருமகன் டொனமூர் ஆணைக்குழுவின் காலத்தில் சர்வசன வாக்குரிமையையும் பெண்களின் வாக்குரிமையையும் எதிர்த்தார் என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும். உயர்ந்தவற்றை மட்டும் பொறுக்கி எழுதினால் அது வம்சாவளி ஆகாது, வாழ்த்துப்பா ஆகிவிடும்.

ஆயினும் தேடலைத் தள்ளிப்போட நமக்குக் காலமில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது, ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் எரிந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது எத்தனையோ வீடுகளில் உறுதிப் பெட்டிகள் பின்தங்கின. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தார் பழைய பத்திரிகைகளையும் நினைவு மலர்களையும் சேர்த்து இணையத்தில் வைத்து வருகின்றனர். அவர்கள் கையில் சேராத தாள்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் உண்டு.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பரிசிலும் வாழும் நமது குடும்பங்களில் இப்போது நடப்பது, முத்து குமாரசுவாமிக்கு நடந்ததுவே. குடிவரவுப் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தந்தையின் பெயரை எழுதினோம். பிள்ளைகளிடம் அது பாட்டனார் பெயராக உறைந்தது. ஊரில் இருக்கும் சகோதரியின் பிள்ளைகள் வேறு பெயரோடு வளர்கிறார்கள். இன்னும் இரண்டு தலைமுறை சென்றால், இரு சாராரும் ஒரே பாட்டியின் வழித்தோன்றல்கள் என்பதைப் பெயரை வைத்துக் கண்டுபிடிக்க எவராலும் இயலாது.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் வயது முதிர்ந்தவர்கள் இருந்தால், அம்மம்மாவின் பெயர் என்ன, அவருடைய தாயாரின் பெயர் என்ன, அவர்கள் சீதனமாகப் பெற்ற வளவின் பெயர் என்ன என்று கேட்டு எழுதி வையுங்கள். கையில் உறுதியோ கல்வெட்டோ இருந்தால் படம் பிடித்து, ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வையுங்கள். ஆண்களின் பெயர்கள் பெரும்பாலும் எங்காவது பதிவாகியிருக்கும். அம்மம்மாவின் பெயரை நீங்கள்தான் எழுத வேண்டும்.