பைண்டிங் கடையில் ஒரு பள்ளிக்கூடம்



லண்டனின் மேரிலபோன் பகுதியில், பிளாண்ட்ஃபோர்டு தெரு 48-ஆம் எண் கட்டடச் சுவரில் 1876-இல் பதித்த பலகை ஒன்று உண்டு. விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே இங்கேதான் தொழில் பழகினார். என்ன தொழில்? புத்தகம் பைண்டு செய்வது.

கொல்லரின் மகன். எழுதப் படிக்கக் கொஞ்சம், கணக்குக் கொஞ்சம். பள்ளிக்கூடம் கொடுத்தது அவ்வளவுதான். 1805-இல் ரீபோ என்பவரின் கடையில் ஏழாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த பையன், தைக்க வந்த புத்தகங்களைப் படிக்கவும் செய்தான். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் மின்சாரக் கட்டுரை அதில் ஒன்று. ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய வேதியியல் நூல் இன்னொன்று. ஓர் ஆசிரியையும் இரண்டு சிறுமிகளும் பேசிக்கொள்வதாகவே அது முழுக்கப் போகும். படித்ததை ஃபாரடே அப்படியே நம்பவில்லை. கைக்காசுக்கு எட்டிய சின்னச் சோதனைகளைச் செய்து சரிபார்த்தார்.

எழுத்து மட்டும் தகராறு. எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை. நண்பர் எட்வர்ட் மக்ராத்திடம் வாரந்தவறாமல் உட்கார்ந்து பாடம் கேட்டார். விஞ்ஞானியாக ஆசைப்பட்டவர் இலக்கணத்துக்கு இவ்வளவு மெனக்கெட்டது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. 1812-இல் வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, விரித்தெழுதி, தன் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். ஏறக்குறைய 300 பக்கம். மறு வருடம் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் அமைப்பில் உதவியாளர் வேலை கிடைத்தது.

இங்கே லண்டனில் நம்மவர்கள் பிள்ளைகளைச் சனிக்கிழமையானால் கணக்கு டியூஷனுக்கும் சயன்ஸ் டியூஷனுக்கும் அழைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் மட்டும், 'படிக்கிற வேலையைப் பார்' என்று அதட்டல்! 16 வயதில் எழுதும் அறிவியல் தேர்வில் ஆறு மதிப்பெண் கேள்வி வரும். கேள்வியே ஒரு பத்தி. ஏன், எதனால் என்று கோவையாக எழுத வேண்டும். சூத்திரம் தெரிந்த பிள்ளை அங்கே பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும்.

சூத்திரம் அதிகம் தெரியாதவர் ஃபாரடே. உயர்கணிதம் அவருக்கு வரவே இல்லை. காந்தத்தை அசைத்து மின்சாரம் எடுத்த 1831-இன் கண்டுபிடிப்பைக்கூட வாக்கியங்களாகத்தான் எழுதிவைத்தார். பத்திக்குப் பத்தி எண் போட்ட அவருடைய ஆய்வுக் குறிப்புகள் 16,000-ஐத் தாண்டின. மின்சாரம் பற்றிய கணித நூல்களைத் தொடுமுன் ஃபாரடேயின் ஆய்வு நூலைப் படித்து முடித்துவிடுவது என்று இயற்பியலாளர் மேக்ஸ்வெல் முடிவெடுத்தார். அந்த வாக்கியங்கள் பிறகு அவர் கையில் சமன்பாடுகளாயின.

1857-இல் அதே மேக்ஸ்வெல்லுக்கு ஃபாரடே ஒரு கடிதம் போட்டார். கணித அறிஞர்கள் தங்கள் முடிவுகளைச் சாதாரண மொழியிலும் எழுதினால், எங்களைப் போன்றவர்கள் அதை வைத்துச் சோதனை செய்து பார்க்கலாமே என்று கேட்டிருந்தார்.